பன்னிரண்டு குடும்பம், ஒன்பது பிள்ளைகள்: சின்னச் சபையின் ஓய்வுநாள் பாடசாலை பற்றி

கேள்வி யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சின்னக் கிறிஸ்தவ சபையிலிருந்து வந்திருக்கிறது. பன்னிரண்டு குடும்பம். ஒன்பது பிள்ளைகள், நாலு வயதிலிருந்து பதினைந்து வரை. போதகருக்கு மூன்று கோயில் பொறுப்பு என்பதால் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார். ஓய்வுநாள் பாடசாலையை, அதாவது பிள்ளைகளின் ஞாயிறு வேத வகுப்பை, ஓர் இளம் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். பயிற்சியும் இல்லை, காசும் இல்லை. திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளை தன் விசுவாசத்தைச் சபை முன் உறுதிப்படுத்தும் சடங்கு) முடிந்த கையோடு பிள்ளைகள் கோயில் பக்கம் வருவதை விட்டுவிடுகிறார்கள். "வளர்ந்த பிறகும் இவர்கள் விசுவாசத்தில் நிற்க நான் என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, நான் முப்பது வருடத்துக்கு மேல் ஓய்வுநாள் பாடசாலை நடத்தியவள். அதில் நிறையப் பிழை விட்டும் இருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: முதலில், ஒன்பது பிள்ளைகள்தானே என்று குறைப்படுவதை விடுங்கள்.

அமெரிக்காவில் புல்லர் இறையியல் கல்லூரியின் இளையோர் நிலையத்தார், பள்ளி முடித்து வீட்டை விட்டுப் போகும் பிள்ளைகளில் சிலருக்கு விசுவாசம் நிற்கிறது, சிலருக்குக் கழன்றுபோகிறது, ஏன் என்று பல வருடம் ஆராய்ந்தார்கள். ஐந்து பிள்ளைக்கு ஒரு ரீச்சர் என்பதுதான் நாங்கள் எல்லோரும் போடும் கணக்கு. அதைத் திருப்பிப் போட்டு, ஒரு பிள்ளைக்கு ஐந்து பெரியவர்கள் என்று யோசியுங்கள் என்றார்கள். ரீச்சர் வேலைக்கு ஐந்து பேர் என்று அர்த்தமில்லை. பிள்ளையின் பெயர், பள்ளிக்கூடம், பயம், குறும்பு எல்லாம் தெரிந்த ஐந்து பேர். பட்டணத்துப் பெரிய சபை இதற்குத் திட்டம் போட்டு ஆள் தேட வேண்டும். உங்களிடம் பன்னிரண்டு வீட்டுப் பெரியவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். பிள்ளைக்கு மூன்று நாலு பேர் ஏற்கெனவே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளை ஆராதனை நேரத்தில் பின் அறைக்கு அனுப்பிவிட்டு, அந்த முப்பது பேரும் முன்னுக்கு இருந்து ஆராதிக்கிறார்கள். நீங்கள் திருத்த வேண்டியது அந்த இடத்தைத்தான்.

எங்கள் கோயிலில் மணி அடிப்பவர் ஒரு வயதான ஐயா. அவருக்குத் தோள் வலி வந்தபோது, மணிக்கயிற்றை ஒன்பது வயதுப் பொடியன் ஒருவனிடம் கொடுத்தார். அவன் வீட்டில் தகப்பன் நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும் கோயிலுக்கு வருகிற ஆள். முதல் கிழமை கயிறு பொடியனையே மேலே தூக்கிக்கொண்டு போனது. ஐயா பின்னால் நின்று அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இழுத்துப்போட்டு விடு. மணி தானாத் திரும்பி வரும். அவசரப்படாதை" என்று சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் கிழமை சரியாக அடித்தான். கார்த்திகை மழையில் ஒரு ஞாயிறு, ஏழே முக்காலுக்கு மணி அடிக்க வேண்டுமே என்று தகப்பன் அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். வந்தவர் நனைந்த சட்டையோடு கடைசி வாங்கில் இருந்துவிட்டார். அந்த மாதம் நான் நடத்திய பாடம் என்ன என்று எனக்கே ஞாபகமில்லை. அந்தப் பொடியன் இன்று வேறொரு ஊரில் சபைக் கமிட்டிப் பொருளாளர்.

ஆகவே ஒன்பது பேருக்கும் ஒவ்வொரு வேலை கொடுங்கள், நிசமான வேலையாக. பாட்டு இலக்கம் பலகையில் போடுவது, காணிக்கைத் தட்டு எடுப்பது, வேதபாடம் வாசிப்பது, திருவிருந்துக்கு முதல் நாள் கிண்ணம் துடைப்பது, மைக் பார்ப்பது. பிழையாக வாசித்தால் பெரியவர்கள் சிரிக்கக் கூடாது என்று முதலே சொல்லி வையுங்கள். எங்கள் ஆட்களுக்கு அது கொஞ்சம் கஷ்டம்.

இனி வீடு. இதில் உங்களுக்கு எட்டக்கூடியது கொஞ்சம்தான். ஆனால் அதுதான் முக்கியமான கொஞ்சம். ஒரு பிள்ளை ஒரு கிழமையில் உங்களோடு இருப்பது ஒரு மணித்தியாலம். 1990இற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் இருந்த வருடங்களில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பாடசாலை ஒழுங்காக நடந்ததே இல்லை. இடம்பெயர்வு, ஷெல், கோயிலே அகதி முகாம். ஆனால் ஆறரைக்கு ஜாம் போத்தல் விளக்கு ஏற்றுவோம். மண்ணெண்ணெய் விலையில் ஒரு வீட்டுக்கு ஒரு விளக்குத்தான். அதனால் எல்லோரும் ஒரு வெளிச்சத்தைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். படிப்பும் அங்கேதான், சாப்பாடும் அங்கேதான், செபமும் அங்கேதான். அந்தப் பிள்ளைகள் பலர் இன்றைக்கும் எங்கேயோ ஒரு நாட்டில் கோயிலுக்குப் போகிறார்கள். போர் நல்லதென்று சொல்ல வரவில்லை. இன்று ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு வெளிச்சம். அந்த ஒற்றை விளக்கு செய்துகொடுத்ததை இப்போது நாங்கள் வேண்டுமென்றே செய்ய வேண்டியிருக்கிறது.

பெற்றோரைக் கூப்பிட்டு "வீட்டில் தினமும் குடும்ப செபம் வையுங்கள்" என்று சொன்னால் தலையாட்டுவார்கள், செய்யமாட்டார்கள். பலருக்கு வாய்விட்டுச் செபிக்க வெட்கம், எப்படிச் செபிப்பதென்று தெரியாது என்பதும் ஒரு காரணம். அதைவிட நல்ல வழி ஒன்று எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளையிடம் ஒரு துண்டுக் கடதாசியில் ஒரே ஒரு கேள்வி எழுதிக் கொடுத்துவிடுவேன். வீட்டில் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, பதிலை அடுத்த ஞாயிறு வந்து சொல்ல வேண்டும். "அம்மம்மா, உங்களுக்கு ஆகப் பயமாக இருந்த நாள் எது? அன்றைக்கு எப்படிச் செபித்தீங்கள்?" ஒரு சிறுமி கொண்டுவந்த பதில் இது: 1995 ஒக்டோபர் 30, போரில் வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்த இரவு, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நெருக்குப்பட்டுக்கொண்டு நின்றபோது அம்மம்மாவுக்குச் செபம் ஒன்றுமே வரவில்லையாம். முன்னால் போன யாரோ ஒரு மனுசி மெதுவாகக் கீர்த்தனை முணுமுணுக்க, அதைப் பிடித்துக்கொண்டே விடியும் வரை நடந்தாவாம். அந்தச் சிறுமியின் தாய் பிறகு என்னிடம் வந்து, "இந்தக் கதை எனக்கே தெரியாது ரீச்சர்" என்றா.

வேதத்தில் இது புது விசயம் இல்லை. யாத்திராகமம் 12இல் பஸ்காவை ஒழுங்குபடுத்தும்போது, இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது இன்னபடி சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறது. யோசுவா 4இல் யோர்தானிலிருந்து பன்னிரண்டு கல் எடுத்து வைப்பதும் பிள்ளைகள் "இது என்ன கல்?" என்று கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். பிள்ளை கேட்பது, பெரியவர் தன் கதையைச் சொல்வது, இதுதான் அங்கே முறை. எங்கள் ஊரில் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். பெரியவர் கேட்பார், பிள்ளை மனனம் செய்ததை ஒப்புவிக்கும்.

கேள்வி என்றதும் என் பெரிய பிழை ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பேதுரு தண்ணீரில் நடந்து, பயந்து தாழப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இயேசு கை நீட்டிப் பிடித்தார் என்று முடித்தேன். எட்டு வயதுப் பொடியன் ஒருவன் எழும்பினான். "ரீச்சர், எங்கட மாமாவும் கடலுக்குத்தான் போனவர். அவரை ஏன் பிடிக்கேல்லை?" எனக்கு வாய் உலர்ந்துபோனது. "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, இரு" என்று சொல்லிவிட்டேன். அவன் இருந்தான். பிறகு ஒரு வருடம் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அதைத் திருத்தியது நான் இல்லை. போரில் மகன் காணாமல் போன ஒரு மூப்பர் எங்கள் சபையில் இருந்தார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, ஒரு நாள் ஆராதனை முடிய அந்தப் பொடியனோடு கிணற்றுக்கட்டில் போய் இருந்தார். நான் செருப்புப் போடுகிற சாட்டில் பக்கத்தில் நின்றேன். "எனக்கும் தெரியாது தம்பி. நானும் அவரிட்டை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன். கேக்கிறதுக்குத்தான் ஞாயிறு வாறனான்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. பிறகு அவனுக்குத் தண்ணி அள்ளி ஊற்றினார், அவன் கால் கழுவினான். இப்படிப்பட்ட மூப்பர் ஒருவர் உங்கள் பன்னிரண்டு குடும்பத்துக்குள்ளும் கட்டாயம் இருப்பார். தேடிப் பிடியுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள். பொய்ப் பதிலைப் பதினேழு வயதில் பிள்ளை கண்டுபிடித்துவிடும், அதோடு சேர்த்து நீங்கள் சொன்ன உண்மைகளையும் எறிந்துவிடும்.

ஒரு பழைய கதையும் சொல்கிறேன், இது எங்கள் மண்ணின் கதை என்பதால். 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த பிறகு, கோயிலோடு சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பிள்ளைகளின் பெயரைத் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்தார்கள், பள்ளிக்கு வராவிட்டால் தண்டம். ஞானஸ்நானம், கலியாணம், காணி எல்லாம் அந்தப் பதிவோடு தொடுத்திருந்தது. கணக்குப்படி பார்த்தால் குடாநாடு முழுக்க வேதக்காரர்தான், அதாவது கிறிஸ்தவர்தான். 1795இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனதும், கொஞ்ச வருடத்திலேயே கோயில்கள் வெறுமையாகிவிட்டன. தோம்பில் இருந்த பெயர்கள் தோம்பிலேயே கிடந்தன. பிறகு 1816இல் அமெரிக்க மிஷன் வந்தது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. படிப்பு அபாரம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் பலர் ஆங்கிலத்துக்கும் அரசாங்க வேலைக்குமாகத்தான் வந்தார்கள் என்பது மிஷனுக்கே தெரிந்தது. 1855இல் அதை மூடியதற்கு அதுவும் ஒரு காரணம். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவ வீட்டில் பிறந்து அங்கே படித்தவர், பின்னர் சைவரானார். தமிழுக்கு அவர் செய்தது பெரிய காரியம், அவரை நான் குறை சொல்லவில்லை. பதிவும் படிப்பும் ஒரு பிள்ளையைக் கோயில் வாசல்வரைதான் கொண்டுவரும் என்பதற்காகச் சொன்னேன்.

இன்றைக்கும் அதே கதை வேறு உருவத்தில் நடக்கிறது. இலங்கையில் சமயம் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு பாடம். கிறிஸ்தவத்துக்கு ஏ எடுத்த பிள்ளைக்குப் பவுலின் மூன்று பயணமும் படம் கீறத் தெரியும், செபிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் அந்த வேலையைச் செய்யட்டும். நீங்கள் ஞாயிறு காலையில் இன்னொரு ரியூசன் வைக்காதீர்கள்.

ரியூசன் என்றதும் அதையும் பேசிவிடுவோம், உங்கள் கேள்வியில் பாதிக் கோபம் அதன் மேல்தான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வருடத்தில் பிள்ளையைக் கோயிலிலிருந்து மறித்துவிடுகிறார்கள். "சோதனை முடிய வரட்டும்." பிறகு சாதாரண தரம், பிறகு உயர்தரம். பத்து வயதிலேயே பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது, கடவுள் என்பவர் சோதனைக்குப் பிறகு பார்க்கப்படுகிறவர் என்று. ஆனால் இதைப் பிரசங்க மேடையில் வைத்துத் திட்டிப் பலனில்லை. எல்லாவற்றையும் இழந்த சனத்துக்குப் படிப்பு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது, அந்தப் பயம் லேசில் போகாது. நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஒன்பது பிள்ளைகள் என்றால் சனி பின்னேரம் நாலு மணிக்கு வைப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ரியூசன் மாஸ்ரரோடு நேரே போய்க் கதையுங்கள். கிராமத்தில் எல்லோரும் தெரிந்தவர்தானே, ஒரு மணித்தியாலம் தள்ளி வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வரமுடியாத பிள்ளையின் வீட்டுக்கு மாதம் ஒருமுறை நீங்கள் போங்கள். சோதனைக்கு முதல் நாள் போய், தலையில் கை வைத்துச் செபித்துவிட்டு வாருங்கள். பெறுபேறு வந்த அன்று, அது சரியில்லாமல் போயிருந்தால், கட்டாயம் போங்கள். அன்றைக்கு அந்த வீட்டுக்கு வேறு யாரும் போகமாட்டார்கள்.

அடுத்தது சைவ அயல். உங்கள் பிள்ளைகளின் நண்பர்களில், சொந்தத்திலும்கூட, பாதிப்பேர் சைவக்காரர்தான். நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் இருபத்தைந்து நாள் முழு ஊரும் அந்தப் பக்கம். வகுப்பில் அதைப் பழித்துப் பேசாதீர்கள், மற்றவர்கள் பேசினாலும் நிறுத்துங்கள். மாமி நல்ல மனுசி என்று பிள்ளைக்குத் தெரியும். மாமியை இழிவாகப் பேசும் ரீச்சரை அது நம்பாது. நாங்கள் எதை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

நாலு வயதையும் பதினைந்து வயதையும் ஒன்றாக வைத்து எப்படிப் படிப்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். வெளியிலிருந்து வரும் பாடப் புத்தகங்கள் வயதுக்கு ஒரு அறை இருக்கிற சபைக்கு எழுதப்பட்டவை. அதை ஒரு பக்கம் வையுங்கள். ஒரே கதையை மூன்று கிழமை எடுங்கள். முதல் கிழமை நீங்கள் நன்றாகச் சொல்லுங்கள், புத்தகம் பார்க்காமல். இரண்டாம் கிழமை நடிக்க விடுங்கள். திருமறைக் கலாமன்றத்தார் 1965இலிருந்து யாழ்ப்பாணத்தில் திருப்பாடுகளின் நாடகம் போட்டு வந்ததும், கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் கூத்து ஆடி வந்ததும் சும்மா இல்லை. பேதுருவாக நடித்து மறுதலித்த பொடியனுக்குச் சேவல் கூவுவது சாகும்வரை மறக்காது. மூன்றாம் கிழமை பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். பதினான்கு வயதுப் பிள்ளை தான் சொல்ல வேண்டும் என்றால்தான் கதையை நிசமாக யோசிக்கும்.

முடிந்தால் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். விதைக்கிறவன் உவமைக்கு நான் ஒருமுறை பிள்ளைகளை வெங்காயத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். வலிகாமத்துச் செம்மண் எவ்வளவு செழிப்பு, ஆனால் தோட்டத்தின் ஒரு மூலையில் மண் ஒரு சாண்தான். ஒரு பொடியனிடம் மண்வெட்டியைக் கொடுத்துக் கொத்தச் சொன்னேன். "ணங்" என்றது. கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். அந்த மூலையில் வெங்காயத் தாள் மற்ற இடத்தைவிட முந்தி முளைத்து, முந்தி மஞ்சளாகிப் போயிருந்ததைத் தோட்டக்காரர் காட்டினார். கற்பாறை நிலம் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் விளக்கவில்லை.

பிள்ளைகளின் பாதுகாப்பில் மட்டும் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம். சின்னச் சபை என்றால் எல்லோரும் சொந்தம், எல்லோரும் நம்பிக்கை, அதனாலேயே கவனம் குறைவு. பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக, மூடிய கதவுக்குள் இருக்கக் கூடாது, அது போதகராக இருந்தாலும் சரி. எப்போதும் இரண்டு பேர். அடி கிடையாது, ஒருவரும் பிரம்பு தூக்கக் கூடாது. பிள்ளை ஏதாவது சொன்னால் குடும்ப மானம், கோயில் மானம் என்று மூடி மறைக்காமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள். கோயிலில் வைத்துக் காயப்பட்ட பிள்ளைக்கு நீங்கள் வேறு எந்தப் பாடம் நடத்தியும் பிரயோசனமில்லை.

திடப்படுத்தலுக்கு வருவோம். அது இப்போது எங்கள் ஊரில் பட்டமளிப்பு விழா மாதிரி. வெள்ளைச் சட்டை, படம், சாப்பாடு, போய் வாருங்கள். ஆயத்த வகுப்புத் தொடங்கும்போதே ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தக்காரர் அல்லாத ஒரு பெரியவரைச் சேர்த்துவிடுங்கள். கிழமைக்கு ஒருமுறை பத்து நிமிடம் கதைத்தால் போதும். முடிந்த அடுத்த மாதமே அந்தப் பிள்ளையைக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு மூலையில் இருத்துங்கள், அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கை எழுதக் கொடுங்கள். பெரியவர்களின் சண்டையைப் பார்த்துவிடுமே என்று பயப்படுவார்கள். பார்க்கட்டும். பிறகு சமாதானமாவதையும் பார்க்கட்டும். சமாதானமாவதே இல்லை என்றால், உங்கள் சபைக்குப் பிள்ளைகளைவிடப் பெரிய பிரச்சினை இருக்கிறது.

பதினெட்டு, பத்தொன்பதில் பிள்ளை ஊரை விட்டுப் போகும். பேராதனை, கொழும்பு, கனடா, எதுவோ. பெருமளவில் நாங்கள் இழப்பது அந்தச் சந்தியில்தான். போகும் இடத்தில் இருக்கிற சபைப் போதகருக்கு முதலே போன் பண்ணி, இந்தப் பெயர், இந்த நாள், இந்த விடுதி என்று சொல்லிவிடுங்கள். நான் ஒருமுறை சோம்பலில் அதைச் செய்யாமல் விட்டேன். அந்தப் பிள்ளை முதல் மூன்று மாதம் ஞாயிறு முழுக்க விடுதியில் படுத்திருந்ததாகப் பிறகு சொன்னாள். மாதம் ஒருக்கால் ஊர் ஆச்சிமார் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பட்டும். "பிள்ளை சாப்பிட்டியோ, உனக்காகச் செபிக்கிறன்" என்ற இருபது விநாடி காணும்.

கடைசியாக, பரிசு வாங்கக் காசில்லை என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. நான் பல வருடம் மனன வசனத்துக்குப் பரிசு கொடுத்தவள். வருடம் 52 வசனம் ஒப்புவித்த கெட்டிக்காரப் பொடியனுக்கு முதல் பரிசு. வாசிக்கத் தடுமாறும் ஒரு பிள்ளை மூன்று வருடம் ஒன்றும் வாங்காமல், நாலாம் வருடம் வராமல் விட்டது. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நான் போகவுமில்லை. அந்தக் காசுக்கு இப்போது நாங்கள் பிளேன்ரீயும் பணிசும் வாங்குகிறோம். வகுப்பு முடிய எல்லோரும், ஆச்சிமாரும் சேர்ந்து, மாமர நிழலில் இருந்து குடிக்கிறோம். வெளிநாட்டிலிருந்து யாராவது "ஓய்வுநாள் பாடசாலைக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் புரொஜெக்டர் கேட்காதீர்கள். நீளமான வாங்கு இரண்டு கேளுங்கள்.